6. குறைந்த ஈரத்தில் கம்பளம்: எந்தக் கரைசலை வாங்குவது?

கம்பளம் சுத்தம் செய்யும் மற்ற முறைகளில், போட்ட மருந்தை அலசித் தண்ணீரோடு உறிஞ்சி வெளியே எடுத்துவிடுகிறோம். ஈரம் குறைந்த முறையில் அலசல் கிடையாது. தெளிக்கிறோம், தேய்க்கிறோம், காயவிடுகிறோம், கடைசியில் வேக்குவம் போடுகிறோம், அவ்வளவுதான். தெளித்ததில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது. மற்றதெல்லாம் நூலிலேயே தங்குகிறது. அது மொறுமொறுவென்று காய்ந்து பொடியாக உதிர்ந்தால் அழுக்கோடு சேர்ந்து வேக்குவத்தில் வந்துவிடும். பசையாகத் தங்கிவிட்டாலோ, நடக்கிறவர் காலில் உள்ள தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். பத்தே நாளில் வாடிக்கையாளர் போன் செய்து, "நீங்க துடைக்கிறதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சேங்க" என்பார்.

ஆகவே கரைசல் வாங்கப் போகிறவர், காய்ந்த பிறகு இதில் என்ன மிஞ்சும் என்று முதலில் கேட்க வேண்டும். அழுக்கை எவ்வளவு எடுக்கும் என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர்கள் அந்த அடுத்த கேள்விக்கு மட்டும் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள்.

ஊரப்பாக்கத்தை மையமாக வைத்துத் தொழில் செய்பவருக்கு வேலை பல திசையிலிருந்து வரும். அபார்ட்மெண்ட் ஹாலில் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பு ஒருபக்கம். மறைமலைநகரைத் தாண்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி வரையிலும், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரையிலும் அலுவலகங்களில் கார்ப்பெட் டைல் பதித்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்யாண மண்டபங்களில் சிவப்புக் கார்ப்பெட், பள்ளிவாசல்களில் தொழுகை விரிப்பு, கோவளம் முதல் மாமல்லபுரம் வரை ரிசார்ட் அறைகள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே கேனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். போகலாம், ஆனால் எதற்குப் போகக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. 'என்கேப்' என்று தொழிலில் சொல்லும் முறையில், கரைசலில் இருக்கும் பாலிமர் அழுக்குத் துகளைச் சுற்றி மூடிக்கொண்டு காய்கிறது. காய்ந்ததும் உடைந்து உதிர்கிறது. 'போனட்' முறையில் சிங்கிள் டிஸ்க் மெஷினுக்கு அடியில் துணிப்பட்டையைப் போட்டுத் தேய்த்து, அழுக்கைத் துணியில் ஏற்றுகிறோம். பவுடர் முறையில் மருந்தில் லேசாக நனைத்த தூளைத் தூவி, பிரஷ்ஷால் நூலுக்குள் இறக்கி, பிறகு உறிஞ்சி எடுக்கிறோம். டிரை ஃபோம் என்பது தண்ணீரைக் குறைத்து நுரையை மட்டும் போடுவது. எந்த முறையானாலும் முதல் வேலை உலர்ந்த வேக்குவம்தான். கம்பளத்தில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசியும் மணலும். அதை எடுக்காமல் கரைசலைத் தெளித்தால், என்ன விலை கொடுத்து வாங்கிய கரைசலானாலும் சேறுதான் ஆகும்.

காற்றில் இடம் இருக்கிறதா?

வெளிநாட்டுக் கேன்களில் 'ஒரு மணி நேரத்தில் காயும்' என்று போட்டிருக்கும். எந்த ஊர்க் காற்றில் என்று போட்டிருக்காது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 கிராம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. இன்னும் 6 கிராமுக்குத்தான் இடம். 12-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 41 கன மீட்டர் காற்று. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் அந்த அறை முழுவதும் சேர்ந்து 250 கிராம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். என்கேப் முறையில் 100 சதுர அடிக்குச் சுமாராக ஒரு லிட்டர் கரைசல் போகிறது. 8-க்கு 6 அடி விரிப்புக்கு அரை லிட்டர். அதாவது 500 கிராம். பாதித் தண்ணீருக்குப் போக இடமே இல்லை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் அதே ஈரக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 80 சதவீதம் என்பது குறைவான கணக்கு. அந்த மாதங்களில் ஏ.சி.யை 'டிரை' நிலையில் வைத்து வேலை செய்யுங்கள், ஏ.சி. இல்லாத வீடென்றால் மழை விட்டு வெயிலடிக்கிற நாளைப் பார்த்துத் தேதி கொடுங்கள். ஒன்றிரண்டு நாள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், ஈர வாடை வரும். அதற்குப் பிறகு வாசனைத் திரவியம் தெளிப்பது வாடையை இரட்டிப்பாக்கும். ஆனி, ஆடியில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்; கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். பெரிய வேலைகளை அந்த மாதங்களில் காலையில் வைத்துக்கொள்கிறவர் புத்திசாலி.

தட்டில் காயவைத்துப் பார்ப்பது

கேன் வாங்குவதற்கு முன் மாதிரி கேளுங்கள். அரை டம்ளர் போதும். எந்த விகிதத்தில் கலக்கச் சொல்கிறார்களோ அதே விகிதத்தில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொறுக்காகப் பெயர்ந்து விரலில் தூளானால் என்கேப் வேலைக்கு ஆகும். கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக உடைந்தாலும் சரிதான். மெழுகுபோல வழுக்கினாலோ, தேன்போல விரலை இழுத்தாலோ, அந்தக் கேனை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய சோதனைதான். நம் ஊருக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டு தட்டு வையுங்கள்: ஒன்று ஏ.சி. அறையில், இன்னொன்று மழைச் சாரல் படாத வராந்தாவில். விற்பனையாளர் ஏ.சி. ஷோரூமில் காட்டும்போது பல கரைசல்கள் பொடியாகத்தான் உதிரும். கார்த்திகை மாதத்து வராந்தாவில் இரண்டு நாள் கழித்தும் உதிர்கிற கரைசலே இந்தப் பகுதிக்கு லாயக்கானது. வேர்ல்டு சிட்டி அலுவலகம்போல இரவு பகலாக ஏ.சி. ஓடும் இடத்துக்கு முதல் தட்டு போதும். சனி, ஞாயிறு ஏ.சி.யை நிறுத்திவிடும் அலுவலகம் என்றால் இரண்டாவது தட்டையும் பார்த்தாக வேண்டும்.

கேனுக்குள் என்ன

நுரை கொடுக்கும் பொருள்களில் சோடியம் லாரில் சல்பேட் என்று ஒன்று, சோடியம் லாரில் ஈதர் சல்பேட் என்று ஒன்று. பெயரில் ஒரு 'ஈதர்'தான் வித்தியாசம். முன்னது காய்ந்தால் தூளாகும். பழைய டிரை ஃபோம் ஷாம்புகளில் அதைத்தான் சேர்ப்பார்கள். பின்னது காய்ந்தால் கூழாக நிற்கும். பாத்திரம் கழுவும் லிக்விட், தலைக்குப் போடும் ஷாம்பு, கை கழுவும் சோப்பு எல்லாவற்றிலும் பின்னதுதான் அதிகம், அலசிவிடப் போகிறோம் என்ற நம்பிக்கையில். அதனால் பாத்திர லிக்விடில் ஒரு மூடியை வாளியில் கலந்து கம்பளம் துடைக்கிற வீட்டு வைத்தியம் முதல் நாள் பளிச்சென்றிருந்து மூன்றாம் வாரம் கருத்துப்போகும்.

லூசில் விற்கும் கேன்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கடைக்காரர் கேனைச் சாய்த்துக் காட்டுவார். "எவ்ளோ கெட்டியா இருக்கு பாருங்கண்ணே, தண்ணி கலக்காத சரக்கு" என்பார். லாரில் ஈதர் சல்பேட் கரைசலைக் கெட்டியாக்க அதில் சாதாரண உப்பைப் போட்டுக் கலக்கினால் போதும். கெட்டித்தன்மைக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த உப்பும் கம்பளத்தில்தான் தங்கும். அது என்ன செய்யும் என்பதைக் கடற்கரை பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

நல்ல என்கேப் கரைசல் தண்ணீர்போல இளகியே இருக்கும், நுரையும் அதிகம் வராது. அதைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம்.

அடுத்தது அழுக்கெடுக்கும் பொருளின் மின்னேற்றம். என்கேப் கரைசல்களில் பெரும்பாலும் எதிர்மின்னேற்ற வகை, இல்லையென்றால் மின்னேற்றமில்லாத வகை. கிருமிநாசினிகளிலும் துணி மிருதுவாக்கும் திரவங்களிலும் இருப்பது நேர்மின்னேற்ற வகை. லேபிளில் 'பென்சால்கோனியம் குளோரைடு' என்று இருந்தால் அந்த இனம். எதிர்மின்னேற்ற வகையும் இதுவும் சந்தித்தால் திரிந்து பிசினாகிவிடும். நைலான் கம்பளத்தில் கறை பிடிக்காமலிருக்க ஆலையிலேயே போட்டு அனுப்பும் பூச்சையும் நேர்மின்னேற்ற வகை கெடுத்துவிடும். 2020-ல் கொரோனா வந்ததிலிருந்து பல அலுவலகங்களில் கம்பளத்தின் மேலும் கிருமிநாசினி தெளிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. புது இடத்தில் வேலை எடுக்கும்போது, முன்பு என்ன தெளித்தார்கள் என்று ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் கேட்டுவிடுங்கள். "ஆர்2 போட்டுத்தாங்க துடைப்போம்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டாஸ்கி வரிசையில் ஆர்2 கடினத் தரைக்கான கிளீனர்; கழிப்பறைக்கு ஆர்6, கண்ணாடிக்கு ஆர்3 என்று அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. கம்பளத்துக்கு ஆர்2 இல்லை. அப்படித் துடைத்த கம்பளத்தை முதலில் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசி உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு என்கேப் முறையைத் தொடங்குவது நல்லது.

'புரொடக்டர் சேர்த்தது' என்று விலை கூட்டி விற்கும் கரைசல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் 1953-ல் ஒரு உதவியாளரின் ஷூவில் ஃபுளோரின் ரசாயனம் சிந்தியது. சிந்திய இடத்தில் மட்டும் அழுக்கு ஒட்டவில்லை என்பதைக் கவனித்த பேட்சி ஷெர்மனும் சாம் ஸ்மித்தும் அதிலிருந்து ஸ்காட்ச்கார்டு என்ற கறை தடுக்கும் பூச்சை உருவாக்கினார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற பொருள் மண்ணிலும் உடம்பிலும் மக்காமல் தங்குகிறது என்று தெரிந்து, 2000-ல் அதே நிறுவனம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் அது சேர்ந்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஃபுளோரின் சேர்க்காத கரைசலைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், பாதுகாப்புத் தகவல் தாளை அனுப்பச் சொல்லுங்கள். முறையாகத் தயாரிப்பவர் எல்லோரிடமும் அந்தத் தாள் இருக்கும். இல்லை என்பவரிடம் வாங்க வேண்டாம்.

நூலைத் தெரிந்துகொள்வது

கம்பளத்தின் பின்பக்க மூலையிலிருந்து ஒரு இழையை உருவுங்கள். தண்ணீரில் போட்டு அழுத்திவிடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். கம்பளத்துக்குப் பயன்படும் நூல்களில் தண்ணீரை விட இலேசானது அதுதான். மூழ்கினால் இன்னொரு இழையை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தி, சணல், விஸ்கோஸ் இவற்றில் ஒன்று. உருகிக் கெட்டி மணியானால் நைலான் அல்லது பாலியெஸ்டர்.

பாலிப்ரொப்பிலீனுக்குக் காரமும் அமிலமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் பலவீனம் எண்ணெய். மண்டபத்துச் சிவப்புக் கார்ப்பெட்டில் பந்தி நடக்கும் பக்கம் மட்டும் கறுத்த பாதை விழுவதற்கு அதுதான் காரணம். அங்கே வெறும் என்கேப் கரைசல் போதாது. ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் டி-லிமோனீன் போன்ற கரைப்பான் சேர்த்த கரைசலை முதலில் கறுத்த பாதையில் மட்டும் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தித் தேய்க்காதீர்கள். உராயும் சூட்டிலேயே இந்த நூல் இளகிப் பளபளப்பாகிவிடும், அது திரும்பாது. கரைப்பானின் அளவும் முக்கியம். அடியில் ஒட்டியிருக்கும் பசையைக் கரைப்பான் இளக்கினால் கார்ப்பெட் உப்பிக்கொண்டு எழும்.

அலுவலகக் கார்ப்பெட் டைல் பெரும்பாலும் நைலான். 50 சென்டிமீட்டர் சதுரமாக இருப்பதால் ஒரு வசதி: சோதனைக்கு மேசைக்கடியில் இருக்கும் ஒரு டைலைப் பெயர்த்து எடுத்துத் தனியாக வைத்துப் பார்க்கலாம். நைலானுக்கு பி.எச். 10-ஐத் தாண்டாத கரைசல் பாதுகாப்பானது.

கம்பளிதான் நம்மைப் பயமுறுத்த வேண்டிய நூல். பதோஹியிலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ வாங்கி வந்து ஹாலில் போட்டிருப்பார்கள். விலை லட்சத்தைத் தொடும். கம்பளி என்பது முடி. காரம் அதை அரிக்கும்; குளோரின் பிளீச்சில் ஊறினால் கரைந்தே போகும். பி.எச். 5 முதல் 8-க்குள் இருக்கும் கரைசல், 'உல்சேஃப்' முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. மெஷின் பிரஷ் வேண்டாம், துணிப்பட்டை போதும். சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கம்பளி சுருண்டு கட்டிக்கொள்ளும். கைமுடிச்சுக் கம்பளத்தில் மேலே கம்பளி இருந்தாலும் பாவு நூல் பருத்தியாக இருக்கலாம். ஈரம் உள்ளே இறங்கினால் பருத்தியின் பழுப்பு மேலே ஏறி வரும். சணல் அடித்துணிக்கும் இதே வியாதி உண்டு. இவற்றுக்குப் பவுடர் முறைதான் என் முதல் சிபாரிசு. பவுடரையும் முழுக்க உறிஞ்சி எடுக்கும் வலு உங்கள் வேக்குவத்துக்கு இருக்க வேண்டும். இழைக்கடியில் தங்கிய தூள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

'ஆர்ட் சில்க்', 'பாம்பூ சில்க்' என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். நனைந்தால் வலு போய்விடும், காய்ந்தால் மஞ்சளாகி விறைக்கும். அந்த வேலையைக் கும்பிட்டு அனுப்பிவிடுவதே மேல். பவானி ஜமக்காளத்தைத் துடைத்துத் தரச் சொல்லி யாராவது கேட்டால், அது துவைக்க வேண்டிய பொருள் என்று சொல்லி, முதல் துவையலில் சாயம் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் விரிப்புகளுக்கு வாசனையில்லாத கரைசலை எடுத்துச் செல்லுங்கள். நெற்றி படும் இடம் அது. கரைசலில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருந்தால் நிர்வாகக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு முன்னால் ஈரத்தோடு விட்டுவிடாதீர்கள். வெள்ளி இரவு இஷாத் தொழுகை முடிந்த பிறகு தொடங்குவது வசதி.

எந்த நூலானாலும் மூலையில் கரைசலைத் தொட்டு, வெள்ளைத் துண்டால் அழுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். துண்டில் சாயம் ஏறியிருந்தால் அதோடு நிறுத்துங்கள்.

கலக்கும் தண்ணீர்

கேனைப் பற்றி இவ்வளவு யோசித்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் போர் தண்ணீரைத் திறந்து கலக்கினால் பாடெல்லாம் வீண். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கரைசலின் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். உப்பும் ஆவியாகாமல் தங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் காட்டும் தண்ணீரில் கலக்கி 1,000 சதுர அடி அலுவலகத்தை மாதம் ஒருமுறை துடைத்தால், மாதத்துக்கு 10 லிட்டர், 15 கிராம் உப்பு. ஆண்டுக்கு 180 கிராம். அதை நீங்களே கொண்டுபோய் அந்தக் கம்பளத்தில் தூவுகிறீர்கள்.

குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் வைத்திருக்கும் ஏற்பு எல்லை 500. அதற்குக் கீழே இருந்தால் கலக்கலாம். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டும் ஆகும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வரும் தண்ணீரைச் சேமித்து வீடு துடைக்கிறார்கள். தரைக்குச் சரி, கம்பளத்துக்கு ஆகவே ஆகாது, உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. மெல்லிய துணியில் வடிகட்டி அன்றன்றைக்குப் பயன்படுத்தினால் அதைவிட மலிவான நல்ல தண்ணீர் கிடையாது. மழைக்காலத்தில் ஏ.சி. ஓடும் அறையில் வேலை செய்தால், கம்பளத்திலிருந்து போன ஈரமே பைப் வழியாக வாளிக்கு வந்து சேர்வதையும் பார்க்கலாம்.

மஞ்சள், காபி, எண்ணெய்

நம் வீட்டுக் கறைகளைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. சாம்பார் சிந்திய இடத்தில் காரமான கரைசலைத் தெளித்தால் மஞ்சள் சட்டென்று செங்கல் நிறமாகிவிடும். வாடிக்கையாளர் பதறிப்போவார். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதே சமாசாரம்தான். புதுக் கறை ஏதும் விழுந்துவிடவில்லை என்று சொல்லி, சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை ஒற்றியெடுத்தால் மஞ்சளுக்குத் திரும்பும். மிச்ச மஞ்சளுக்கு மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வாங்கி, சம அளவு தண்ணீர் சேர்த்து, மூலையில் சோதித்த பிறகு ஒற்றுங்கள். சின்ன விரிப்பு என்றால் பாடு குறைவு: வெயிலில் போடுங்கள், மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும்.

ஃபில்டர் காபி இரண்டு கறை சேர்ந்தது. டிகாக்‌ஷன் கறைக்கு லேசான அமிலக் கரைசல் வேண்டும். காரம் பட்டால் இன்னும் கறுக்கும். பால் புரதம், அதற்கு வெந்நீர் கூடாது. குளிர்ந்த நீரில் பாலை எடுத்துவிட்டு அப்புறம் அமிலக் கரைசலுக்குப் போங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏ.சி.யை 22-ல் வைத்திருக்கும் அறையில் நீங்கள் தேய்ப்பது மெழுகை. ஏ.சி.யை அரைமணி நேரம் அணைத்து, கை பொறுக்கும் சூட்டில் கரைசலைக் கலந்து தெளித்தால் அதே கரைசல் சொன்னபடி கேட்கும். கம்பளியாக இருந்தால் இந்தச் சூடும் வேண்டாம், அறை வெப்பமே போதும்.

எந்தக் கறைக்கும் பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் அது உயிருக்கு ஆபத்து.

கடற்கரைப் பக்கம்

ஊரப்பாக்கத்திலிருந்து கடல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மாமல்லபுரத்தில் அது அறை வாசலுக்கே வந்துவிடுகிறது. விருந்தினர் கடலில் நனைந்து, மணல் காலோடு உள்ளே வருவார்கள். மணல் வேக்குவத்தில் வரும், உப்பு வராது. சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதமே போதும். ஏ.சி. நிறுத்தி இரண்டு நாள் பூட்டி வைத்த அறையில், யாரும் தண்ணீர் சிந்தாமலே கம்பளம் சில்லென்று நசநசப்பது இதனால்தான். லூசு சரக்கைக் கெட்டியாக்கப் போட்ட உப்பும் உள்ளூரில் இதையேதான் செய்கிறது.

என்கேப் பாலிமரால் உப்பை மூடி எடுக்க முடியாது. உப்பு கரைசலில் கரைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப உட்காரும். ஆகவே ரிசார்ட்காரர் ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது, மாதாமாதம் என்கேப், ஆண்டுக்கு இருமுறை நல்ல தண்ணீரில் அலசி உறிஞ்சும் வேலை என்று சேர்த்தே விலை சொல்லுங்கள். அலசலில் ஒன்றை ஆனி, ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மழை ஓய்ந்த தை மாதத்தில் வைக்கலாம். வாசலில் நீளமான கயிற்று மிதியடியும் கால் அலசக் குழாயும் இருந்தால் உங்கள் கரைசல் செலவு குறையும். அதை ரிசார்ட்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

விலையும் அளவும்

கேன் விலையைப் பார்க்காதீர்கள், 100 சதுர அடிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 5 லிட்டர் கேன் 1,500 ரூபாய், ஒரு லிட்டர் கரைசலுக்கு 50 மில்லி கலக்கச் சொல்கிறார்கள் என்றால் 100 லிட்டர் கரைசல் வரும்; 100 சதுர அடிக்கு 15 ரூபாய். இன்னொரு 5 லிட்டர் கேன் 600 ரூபாய், ஆனால் லிட்டருக்கு 200 மில்லி என்றால் 25 லிட்டர்தான் வரும்; 24 ரூபாய் ஆகிறது. மலிவானது எது என்பது கலந்த பிறகுதான் தெரியும். 200 மில்லி போடுவதில் மிச்சமும் அந்த அளவுக்குக் கூடலாம் என்பதையும் தட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களிடம் கேனைக் கொடுத்து அனுப்பினால் கண்ணளவில்தான் ஊற்றுவார்கள், நாலு மூடி கூடப் போட்டால் நன்றாக வெளுக்கும் என்ற நம்பிக்கையில். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியை நூலில் கட்டிக் கேன் கழுத்தில் தொங்கவிடுங்கள். 'ஒரு லிட்டருக்கு 5 மூடி' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். கலந்த கரைசலை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பெராக்சைடு சேர்ந்த கரைசலை மூடிய ஸ்ப்ரேயரில் மறுநாளைக்கு வைத்தால் வாயு சேர்ந்து உப்பிக்கொள்ளும். ஜூஸ் பாட்டிலிலும் கேன் தண்ணீர் பாட்டிலிலும் எதையும் ஊற்றி வைக்க வேண்டாம். வண்டியில் போகும்போது தாகத்தில் யார் எதை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.